மறுநாளே நடந்தவர் மூன்று மாதமாகியும் ஏன் நொண்டுகிறார்?

முழங்கால் மாற்று அறுவை முடிந்த மறுநாள், வாக்கரைப் பிடித்து வார்டுக்குள் நாலு எட்டு நடக்க வைக்கிறார்கள். பார்த்த வீட்டாருக்கு மனசு நிறைந்துவிடுகிறது. நாலைந்து நாளில் மதுரையிலிருந்து வண்டி பிடித்து ராமநாதபுரத்துக்கோ, பாலம் தாண்டித் தங்கச்சிமடத்துக்கோ கூட்டி வந்துவிடுகிறார்கள். சிக்கல் மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கிறது. தையல் பிரித்தாகிவிட்டது, ஆனாலும் கால் வீங்கித்தான் இருக்கிறது. தொட்டால் சுடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் விடியும் வரை தூக்கமில்லை. மடக்கினால் கயிறு போட்டுக் கட்டியதுபோல் இழுக்கிறது. அடுத்த தெருவில் ஒருவர் ஒன்றரை மாதத்தில் மீன் மார்க்கெட்டுக்கு நடந்தே போனார் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ" என்ற பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் பயத்தில் பெரும்பகுதி ஒரு தவறான கணக்கிலிருந்து வருகிறது. மறுநாளே நடக்க முடிவதைக் குணமானதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் நடக்க வைத்தது எலும்புச் சிமெண்டு; பழைய நடையைத் திருப்பித் தர வேண்டியது தொடைத் தசை. சிமெண்டு கால் மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. தசைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வேண்டும். இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் பாதிக் கலக்கம் வராது. பல இடங்களில் சொல்வதில்லை என்பதால்தான் இந்த விளக்கம்.

## உள்ளே என்ன செய்திருக்கிறார்கள்

முழங்கால் மூட்டில் மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்னால் சிரட்டை. எலும்புகளின் முனையில் வழவழப்பாகப் படிந்திருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். அதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். அறுவையில் மூட்டை முழுதாக வெட்டி எடுப்பதில்லை. தேய்ந்த மேற்பரப்பை 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டு, தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட் குரோமியம் கலந்த உலோகத் தொப்பி போடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பாலி எத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக். உலோகப் பகுதிகளை எலும்போடு ஒட்டவைப்பது சிமெண்டு.

அந்த இடத்தை எட்டுவதற்கு முழங்காலின் முன்பக்கம் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கீறுகிறார்கள். தொடைத் தசை சிரட்டையோடு சேரும் தசைநாரைப் பிளந்து, சிரட்டையை ஒதுக்கி, மூட்டைச் சுற்றியுள்ள உறையைத் திறக்கிறார்கள். கால் வில்லாக வளைந்திருந்தால், உள்பக்கத்தில் சுருங்கிப்போன தசைநார்களைத் தளர்த்தி நேராக்குகிறார்கள். ரத்தம் வராமலிருக்கத் தொடையில் இறுக்குப் பட்டை கட்டுவதும் வழக்கம். ஆகவே இதை விசைப்படகு இன்ஜினில் பேரிங் மாற்றுவதைப்போல நினைக்கக் கூடாது. பேரிங்கைச் சுற்றி உயிருள்ள சதையும் நரம்பும் இல்லை. இங்கே மாற்றிய உலோகத்துக்கு ஆற வேண்டியது எதுவுமில்லை. திறக்கப்பட்ட சதை முழுவதும் ஆற வேண்டும்.

## மூன்று வேலைகள், மூன்று வேகங்கள்

1. தோல். 12 முதல் 14 நாளில் தையலையோ பின்னையோ எடுத்துவிடுவார்கள். வெளியே தெரிவது இது ஒன்றுதான். அதனால் இது ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டதாகத் தோன்றும்.

2. வீக்கம், சூடு, வலி. முதல் ஒரு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெருமளவு குறையும். மிச்சம் ஆறு மாதம் வரை இழுக்கலாம். மூட்டின் மேல் தோல் மற்ற காலைவிடச் சூடாக இருப்பது அதற்குப் பிறகும் சிலருக்கு நீடிக்கும்.

3. தசையும் நடையும். இதன் முன்னேற்றம் மூன்றாம் மாதத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு வருடம் வரை முன்னேறிக்கொண்டே இருக்கும்.

தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்கு உணர்ச்சியில்லாமல் மரத்திருப்பது, கீறும்போது தோலின் சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது. மெல்லச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கிவிடும். நடக்கும்போது "டக் டக்" என்று சத்தம் கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது. வலியோ ஆட்டமோ இல்லாவிட்டால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

## தொடைத் தசை ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை

"காலை நீட்டித் தூக்குங்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். நோயாளி முழு மனசோடு முயல்கிறார், கால் படுக்கையைவிட்டு எழும்புவதில்லை. வீட்டார் இதைச் சோம்பல் என்றோ பயம் என்றோ எடுத்துக்கொண்டு திட்டுகிறார்கள். அது பெரிய அநியாயம். அறுவை முடிந்த ஒரு மாதத்தில் முன்தொடைத் தசையின் பலம், அறுவைக்கு முன்பு இருந்ததில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. முன்பே அது பல வருடம் நொண்டி நொண்டி மெலிந்துபோன தசைதான்.

இந்த இழப்புக்குத் தசை இளைத்தது மட்டும் காரணமில்லை. மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது, அங்கிருந்து போகும் நரம்புச் செய்திகள் முதுகுத்தண்டில் தொடைத் தசைக்கான கட்டளையை அடக்கிவிடுகின்றன. மூளை உத்தரவு போடுகிறது, தசைக்குப் பாதிதான் வந்து சேர்கிறது. ஆகையால் வீக்கத்தைக் குறைப்பதே தசைக்கான முதல் சிகிச்சை. கால் வீங்கிக் கிடக்கும்போது "இன்னும் நட, இன்னும் நட" என்று விரட்டினால் வீக்கம் கூடும், தசை மேலும் அடங்கும், நடை மேலும் கெடும். மூன்றாவது வாரத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் சுழல் இது.

அறுவை செய்த மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வீட்டில் தினமும் செய்ய வேண்டியவை இவை:

1. விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் கணுக்காலை மேலும் கீழும் 20 முறை அசைக்க வேண்டும். கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமலிருக்க இது உதவும்.

2. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி 5 எண்ணும் வரை பிடிக்க வேண்டும். 10 முறை, நாளுக்கு நான்கு வேளை. தசையை எழுப்புவதும் காலை முழுதாக நீட்டுவதும் இந்த ஒன்றிலேயே நடக்கும்.

3. படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்து மடக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு பாலித்தீன் கவர் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். முடிகிற எல்லையில் 10 எண்ணும் வரை பிடித்து விட வேண்டும்.

4. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பின்னுக்கு நகர்த்தி ஊன்றி, பாதத்தை எடுக்காமல் உடம்பை முன்னுக்கு நகர்த்த வேண்டும். மடக்கம் கூடுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

5. ஆறாவது வாரம் வாக்கில், கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழக வேண்டும். முதலில் 5 முறை, முடிந்தபின் 10.

ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மடக்கம் வந்துவிட்டது, இனிப் பயிற்சி எதற்கு என்று இரண்டாம் மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். தசைக்குப் பலம் சேர்க்கும் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கவே செய்கிறது.

## நீட்டம் முதலில், மடக்கம் பிறகு

ஊரில் எல்லாரும் கேட்பது "எவ்வளவு மடங்குகிறது?" என்பதைத்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி "முழுசா நீளுதா?" என்பது. கால் 10 டிகிரி நீளாமல் நின்றுவிட்டால், நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கால் குட்டையானதுபோல் நடை விழும், இடுப்பு வலிக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தலையணையே மூட்டை மடங்கிய நிலையில் இறுக வைத்துவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தொங்கட்டும்.

மடக்கத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். சமதரையில் நடக்க 65 முதல் 70 டிகிரி போதும். படியேற 85 வேண்டும். சாதாரண நாற்காலியிலிருந்து எழ 95, தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ 105. குத்தவைத்து உட்கார 130-க்கு மேல் வேண்டும். மாற்று மூட்டில் பெரும்பாலோர் எட்டுவது 110 முதல் 120 வரை. அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே பின்பு எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கூடுதலாக மடங்கும் என்று சொல்லி விற்கப்படும் விலை அதிகமான மூட்டுகள் நடைமுறையில் சொல்லத்தக்க வித்தியாசம் எதையும் தருவதில்லை.

வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து குதிகால் நேராக முழங்காலுக்குக் கீழே வந்தால் அது 90 டிகிரி. அதைத் தாண்டிப் பின்னே போனால் 90-க்கு மேல். படுத்து மடக்கும்போது குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் உள்ள இடைவெளியைத் தையல் டேப்பில் வாரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதலாம். ஒரு வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலும் அது முன்னேற்றம்தான்.

ஆறாவது வாரத்தில் 90 டிகிரி எட்டவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மயக்கம் கொடுத்துக் காலை மடக்கிவிடும் ஒரு முறை இருக்கிறது. தழும்புத் திசு முற்றுவதற்குள், அதாவது 12 வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகம். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனால் அந்த வாய்ப்பு நழுவிப்போயிருக்கும். எண்ணெய் தேய்த்து ஆள் வைத்து இழுத்து மடக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. சிரட்டைத் தசைநார் அறுந்துபோகலாம், உலோகத்தை ஒட்டிய எலும்பு முறியலாம். முதல் சில வாரங்களில் கெண்டைக்காலைப் பிடித்துவிடுவதும் ஆபத்து. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

## வீக்கமும் மீன்பெட்டி ஐஸும்

முழங்காலின் சுற்றளவைச் சிரட்டையின் நடுவில் டேப் வைத்துக் காலையிலும் மாலையிலும் அளந்தால் அன்றைய வேலை அளவோடு இருந்ததா என்று தெரிந்துவிடும். மாலையில் கொஞ்சம் கூடுவது இயல்பு. மறுநாள் காலையிலும் குறையாமல் இருந்தால் முந்தைய நாள் அதிகமாகச் செய்திருக்கிறோம் என்று பொருள். அப்போது நடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். அடியோடு நிறுத்தக் கூடாது.

காலை உயர்த்திப் போடுவது என்றால் ஸ்டூலில் வைப்பது இல்லை. படுத்து, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி, நாளுக்கு மூன்று நான்கு தடவை, அரை மணி நேரம்.

ஐஸ் ஒத்தடம் ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. பாம்பனிலும் மண்டபத்திலும் ஐஸுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் ஆள் படுத்திருக்கிறார் என்றால் மீன்பெட்டியிலிருந்தே ஒரு கட்டி எடுத்து வந்து கொடுப்பார்கள். அந்த ஐஸ் மீனோடும் பெட்டியோடும் புழங்கியது. அதன் தண்ணீர் ஆறாத காயத்தில் பட்டால் கிருமி ஏறும். வேறு வழியில்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, மேலே துண்டு சுற்றி, உருகுவதற்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்த ஐஸ் இதைவிட எவ்வளவோ நல்லது. தழும்பைச் சுற்றி மரத்திருப்பதால் சூடோ குளிரோ தெரியாது. வெறும் ஐஸை அப்படியே வைத்தால் தோல் வெந்துபோகும்.

## ராத்திரி வலி, "செட்" மாத்திரை

பகலில் நாலு பேர் வருகிறார்கள், பேச்சில் வலி மறந்திருக்கும். ராத்திரி அசையாமல் படுத்ததும் மூட்டு இறுகிக்கொள்கிறது, கவனம் முழுக்க வலியின் மேலேயே இருக்கிறது. முதல் ஆறேழு வாரம் தூக்கம் கெடுவது மிகப் பலருக்கும் உள்ளது. எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போனபின் விழுங்குவதைவிட, படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பும், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பும் அமையும்படி நேரம் பிரித்துச் சாப்பிட்டால் குறைந்த அளவிலேயே வலி அடங்கும். பாராசிட்டமால் வயதானவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கு. டிரமடால் தந்திருந்தால் மலச்சிக்கலும் தலைசுற்றலும் வரும். தலைசுற்றலோடு ராத்திரி வெளியே இருக்கும் கழிப்பறைக்குப் போகும்போதுதான் பலர் விழுகிறார்கள். வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் "செட்" மாத்திரையை இந்தக் காலத்தில் தொடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். சர்க்கரை ஏறும், புண் ஆறுவது தள்ளிப்போகும், கிருமித்தொற்று வந்தாலும் அறிகுறி மறைந்துவிடும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. உப்பளத்தில் பல வருடம் வெயிலில் வேலை செய்தவர்கள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள் இவற்றை நாள்கணக்கில் சாப்பிடுவதற்கு முன் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ரத்தக் கட்டி தடுக்கும் மாத்திரை வேறு. அதை வலி குறைந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. சொன்ன நாள் வரை, பொதுவாக இரண்டு முதல் ஐந்து வாரம், தவறாமல் போட வேண்டும்.

சாப்பாட்டில் இங்கே ஒரு பிடிவாதம் உண்டு: ஆபரேஷன் செய்தவருக்கு மீன் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று ஒரு மண்டலம் நிறுத்திவிடுவார்கள். புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.2 கிராம். அறுபது கிலோ உள்ளவருக்கு 72 கிராம். கஞ்சியும் ரசமும் மட்டும் குடித்து இதை எட்ட முடியாது. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. சூடையும் காரலும் வாசலுக்கே வரும் ஊரில் அதை விலக்கி வைப்பது ஆறுதலைத் தாமதப்படுத்துகிறது. மீனுக்கு முன்பே ஒவ்வாமை உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறால் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் மட்டுமே விதிவிலக்கு.

## மணல், குடம், படித்துறை

மருத்துவமனை தரும் அச்சிட்ட தாளில் இருக்காத விஷயங்கள் இந்தக் கரையில் பல உண்டு.

மணல். புதையும் மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் பக்கவாட்டில் திருகும், தசைக்கு வேலை இரட்டிப்பாகும். மூன்று மாதம் வரை தார் ரோடோ சிமெண்டுத் தரையோதான் நடைக்கு ஏற்றது. தூரத்தைக் கூட்டுவதைவிடத் தடவையைக் கூட்டுவது நல்லது: ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதற்குப் பதில் பத்து பத்து நிமிடமாக மூன்று முறை.

தண்ணீர்க் குடம். சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. படியில் மூன்று மடங்குக்கும் மேல். 15 கிலோ குடத்தை இடுப்பில் வைத்தால் மூட்டுக்குக் கூடுவது 15 கிலோ இல்லை, நாற்பது கிலோவை நெருங்கும். பக்கவாட்டில் சாய்ந்து சுமப்பதால் இன்னும் கேடு. தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவரும் வேலையையும் முதல் மூன்று மாதம் வேறொருவர் ஏற்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருப்பதால், அறுவை செய்துகொண்டவர் அவர்களில் ஒருவர் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஆளை முடிவு செய்யுங்கள்.

கழிப்பறை. தரையோடு பதித்த பீங்கானில் குத்தவைக்க முடியாது. ஓட்டை போட்ட கம்மோடு நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி, அதில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிகிறதா, முழங்கால் இடுப்பைவிட உயராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரையில் உட்காருவது. கருவாடு காயவைப்பது, வலை பின்னுவது, ஓலை முடைவது எல்லாம் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். அளவுக்கு மீறி மடங்கிய நிலையில் மாற்று மூட்டின் பின் விளிம்பில் மட்டுமே பாரம் விழுந்து பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். வலையை உயரத்தில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பின்னலாம். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், வேறு நஷ்டமில்லை.

மண்டியிடுவது. கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தொழுகையை எண்ணியும், தங்கச்சிமடம் பக்கம் ஜெபத்தை எண்ணியும் வருந்துபவர்கள் அதிகம். மண்டியிட்டால் மூட்டு உடைந்துவிடாது. ஆனால் தழும்பு மரத்தும் கூசியும் இருப்பதால் பலரால் தாங்க முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து, மருத்துவர் சம்மதித்தால், கட்டியான மெத்தைத் துண்டின் மேல் பிடிமானத்தோடு முயன்று பார்க்கலாம். அதுவரை நாற்காலி. உடல் முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு.

கடல் குளியல். காயத்தில் பொருக்கு உதிர்ந்து முழுதாக மூடும் வரை, குறைந்தது ஆறு வாரம், கடலில் இறங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சர்க்கரை நோயும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களுக்கு அவை புண் வழியே ஏறினால் மிகக் கடுமையாகத் தாக்கும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தமும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆட நினைப்பவர்கள் மூன்று மாதமாவது தள்ளிப்போட வேண்டும். நனைந்த கல்தளத்தில் வழுக்கினால் மாற்று மூட்டை ஒட்டிய எலும்பு முறியும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம்.

படியும் பஸ்ஸும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இரண்டு கால்களிலும் ஒரே சமயத்தில் செய்தவர்களுக்கு நல்ல கால் என்று ஒன்று கிடையாது என்பதால், உயரமான பஸ் படியை ஆறு வாரம் தவிர்ப்பது நல்லது. டூவீலரை ஆறு வாரத்துக்குப் பிறகு, அதுவும் திடீரென்று பிரேக்கை அழுத்தும் வேகம் காலுக்கு வந்தபின் ஓட்டலாம். கிக்கர் உதைப்பது வேண்டாம்.

## மெதுவானது எது, தவறானது எது

பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது. எதற்குப் பொறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தமுண்டு.

1. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம்: ரத்தக் கட்டி நுரையீரலை அடைந்திருக்கலாம். உடனே 108. தீவில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

2. கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகி வலிப்பது, ராத்திரி முழுக்கக் காலை உயர்த்தி வைத்தும் வீக்கம் வடியாதது: காலில் ரத்தக் கட்டி இருக்கலாம். அன்றைக்கே ஸ்கேன்.

3. ஒரு வாரத்துக்குப் பிறகும் காயத்தில் கசிவு, மூடிய காயம் மறுபடி திறப்பது, பரவும் சிவப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குறைந்துகொண்டு வந்த வலி திடுமெனத் திரும்புவது: கிருமித்தொற்று என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளூரில் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு அறுவை செய்த இடத்துக்குப் பிறகு போகலாம் என்பது பெரும் தவறு. மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பதற்கு முன் அந்த மாத்திரை உள்ளே போனால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஆரம்பத்திலேயே கண்டால், கழுவி பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நாள் கடந்தால் முழு மூட்டையும் கழற்ற வேண்டி வரும்.

4. விழுந்தபின் காலை நீட்டித் தூக்கவே முடியாமல் போவது: தசைநாரோ எலும்போ போயிருக்கலாம்.

5. லேசாகத் துணி பட்டாலே எரிவது, தோலின் நிறமும் வியர்வையும் மாறுவது: நரம்பு சார்ந்த வலி. இதற்கான மருந்து வேறு, சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காது.

6. நன்றாக நடந்துகொண்டிருந்து, பல மாதம் கழித்து முதல் சில அடிகளில் மட்டும் வலி: மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லாமல் வீக்கம், சூடு, விறைப்பு, ராத்திரி வலி மட்டும் இருந்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது குறைந்தால் அது மெதுவான குணம், தோல்வி அல்ல. எல்லாம் சரியாக நடந்தும் முழு நிறைவு அடையாதவர்கள் ஐந்தில் ஒருவர் வரை இருக்கிறார்கள் என்பது பல நாடுகளிலும் காணப்பட்ட உண்மை. இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகிலிருந்தோ வலி முழங்காலுக்கு இறங்குவதும் உண்டு. ஒரு வருடமாகியும் வலி குறையவில்லை என்றால் அவை இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

## மனம் விழும் வாரங்கள்

மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் மனம் அதிகம் சோர்கிறது. பழங்களோடு வந்து பார்த்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டிருப்பார்கள். பலமான வலி மருந்து நின்றிருக்கும். வீட்டில் எல்லாரும் தொழிலுக்குத் திரும்பியிருப்பார்கள். கால் மட்டும் அப்படியே இருப்பதுபோல் தோன்றும். நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது, சில நாள் பின்னுக்குப் போனதுபோலவும் இருக்கும். ஒரு நோட்டில் வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள்: முழங்கால் சுற்றளவு, குதிகால் இடைவெளி, நிற்காமல் நடந்த நிமிடங்கள், ராத்திரி தொடர்ச்சியாகத் தூங்கிய மணி நேரம். நான்கு வாரத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கால் நகர்ந்திருப்பது தெரியும். நகரவில்லை என்றாலும் தெரியும். அந்த நோட்டை மருத்துவரிடம் நீட்டினால் "இன்னும் வலிக்குது" என்ற ஒற்றை வரியைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்து அன்பு காட்டினால், எழுந்து நடக்கும் சின்னச் சின்ன வாய்ப்புகளெல்லாம் பறிபோகும். மற்றவரோடு ஒப்பிட்டுப் பேசுவதும் வேண்டாம். வயது, எடை, சர்க்கரை, முன்பு எத்தனை வருடம் நொண்டினார், மற்ற கால் எப்படி இருக்கிறது என்பவற்றால் இரண்டு பேரின் வேகம் ஒன்றாக இருக்காது.

மதுரைக்குப் பிசியோதெரபிக்காக வாரம் மூன்று முறை போய்வருவது ராமேஸ்வரத்திலிருந்து நடக்காத காரியம். ஒரு வழிக்கே 170 கிலோமீட்டர் ஆகிறது, அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் வீக்கம்தான் மிஞ்சும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயர் பதிந்துகொள்ளலாம்.

## தொழிலுக்கு எப்போது

கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம். நின்றபடி மீன் விற்பதற்கு மூன்று மாதம். பாசி எடுக்கத் தண்ணீருக்குள் பாறை மேல் கால் வைப்பதும், ஆடும் படகில் வலை இழுப்பதும் வேறு ரகம். அங்கே கால் எந்தப் பக்கம் திருகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன் நினைக்கவே கூடாது, சிலர் அந்த வேலையை விட்டுவிடுவதே சரி.

விசைப்படகுக் குடும்பங்களுக்கு அறுவையின் நாளைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பொருத்தமானது. கஷ்டமான முதல் எட்டு வாரமும் ஆண்கள் கரையில் இருப்பார்கள். தண்ணீர் எடுக்கவும், கைபிடித்து நடத்தவும் ஆள் உண்டு. அந்த வெயிலில் வியர்த்துக் கட்டு நனையாமல் பார்க்க வேண்டும், தண்ணீரும் மோரும் நிறையக் குடிக்க வேண்டும்.

தொழிலுக்குத் திரும்பியபின், ஆயுசு முழுக்க ஒரு எச்சரிக்கை. காலில் மட்டிச் சிப்பி கிழித்தாலோ, கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினாலோ, பித்தவெடிப்பில் சீழ் வைத்தாலோ, பல் சொத்தை வீங்கினாலோ, அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறி மாற்று மூட்டில் போய்த் தங்கக்கூடும். பல வருடம் கழித்தும் இது நடக்கும். சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்க்காமல், நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போய், முழங்காலில் மாற்று மூட்டு இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.